உடன் பயில்வோர் வழிக் கற்றல்: உயர்கல்வியில் ஒரு புதுமை

கற்பித்தலில் புதுமை என்னும் தொடர் இன்று கல்லூரிகளில் பெரிதும் வழங்கி வருகின்றது. கருத்தரங்குகளில் அதற்கெனத் தனி அமர்வுகள் நடைபெறுகின்றன. தரமதிப்பீட்டுக் குழுவினர் வருகைதரும் நாள்களில் அதற்கெனக் காட்சிக்கூடங்களும் அமைக்கப்பெறுகின்றன. 1994ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவை, கல்லூரியை அளக்கும் கூறுகளுள் ஒன்றாகக் கற்பித்தல்-கற்றலையும் வைத்தமையால் இவ்வார்வம் மேலும் பெருகிற்று. எனினும் அக்காட்சிக்கூடங்களுள் நுழைவோர் பெரும்பாலும் காண்பன கருவிகளே. ஒளித்திரை, மின்பலகை, கணினி, கைப்பேசிச் செயலி என அவை வரிசையாக நிற்கும். இவற்றால் நம் மாணவர், முன்பு அறியாத எதனை இப்போது அறிந்தனர் என்னும் வினாவுக்கு விடை கூறும் பலகை ஒன்றினை அங்குக் காண்பது அரிது. கருவிகளைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் கருவி ஏதும் இன்றியே நடைபெறத்தக்கதும், விளைவு இன்னதென அளந்து காட்டப்பெற்றதுமான ஒரு புதுமையை ஈண்டு விளக்க முற்படுகின்றோம். அது பிறந்த இடம் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம். பிறந்த துறை இயற்பியல்.

எரிக் மசூர் என்பார் நெதர்லாந்தில் பிறந்த இயற்பியலறிஞர். ஒளியியல் ஆய்வில் பெயர் பெற்றவர். 1984ஆம் ஆண்டு முதல் ஹார்வர்டில் ஆசிரியராகப் பணியாற்றினார். அவருடைய விரிவுரைகளை மாணவர் பாராட்டினர்; ஆண்டு இறுதியில் மாணவர் அளிக்கும் மதிப்பீட்டில் அவருக்கு உயர்ந்த இடமே கிட்டிற்று; கடினமான கணக்குகளையும் அவருடைய மாணவர் தேர்வில் செய்து முடித்தனர். தாம் நல்லாசிரியர் என அவர் எண்ணியதில் வியப்பில்லை.

இந்நிலையில், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இப்ராகிம் ஹல்லூன், டேவிட் ஹெஸ்டினஸ் ஆகிய இருவர் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வினை அவர் படிக்க நேர்ந்தது. இயற்பியல் பாடத்தைக் கற்று முடித்த பின்னரும் விசை, இயக்கம் பற்றி மாணவர் கொண்டிருக்கும் அன்றாடக் கருத்துகள் பெரிதும் மாறுவதில்லை என்பதும், வழக்கமான விரிவுரை முறையில் யார் கற்பித்தாலும் இவ்விளைவு ஏறத்தாழ ஒன்றாகவே உள்ளது என்பதும் அவ்வாய்வின் முடிவுகள். ஹார்வர்டு மாணவரிடம் இது செல்லாது என்னும் நம்பிக்கையோடு, 1990ஆம் ஆண்டு அவ்வகை வினாக்களை மசூர் தம் வகுப்பில் கொடுத்துப் பார்த்தார்.

அவ்வினாக்களில் கணக்கு இல்லை, சூத்திரமும் இல்லை. எடுத்துக்காட்டாக, பாரமேற்றிய லாரி ஒன்று சிறிய கார் ஒன்றன்மீது மோதுகின்றது. லாரி காரின்மீது செலுத்தும் விசை பெரிதா, கார் லாரியின்மீது செலுத்தும் விசை பெரிதா, அன்றி இரண்டும் சமமா? நியூட்டனின் மூன்றாம் விதியை அறிந்தோர் இரண்டும் சமம் என்றே கூறல் வேண்டும். அம்மாணவர் அனைவரும் அவ்விதியைப் பிழையறச் சொல்ல வல்லவர். அதனைக் கொண்டு கணக்கிடவும் வல்லவர். ஆயினும் அவருள் பலர் லாரியின் விசையே பெரிது என்றனர். நொறுங்குவது காராயிற்றே! கண்ணால் கண்ட நொறுங்கலை விசையின் அளவென மயங்கினர். கார் மிகுதியாகச் சிதைவதற்குக் காரணம் அதன் நிறை குறைவும் கட்டமைப்பும் ஆகும். விசையின் வேற்றுமை அன்று. இவ்வினாத்தாளைப் பெற்ற மாணவி ஒருவர், வகுப்பில் கற்பித்தவாறு எழுதுவதா, தாம் உண்மையில் எண்ணுகின்றவாறு எழுதுவதா எனக் கேட்டதாக மசூர் பல இடங்களில் கூறியுள்ளார். கற்றது ஒன்றாகவும் எண்ணுவது ஒன்றாகவும் ஒரே உள்ளத்தில் இரண்டு அறைகள் இருந்தன என்பதை அவ்வொரு வினா வெளிப்படுத்திவிட்டது.

குறையைக் கண்டபின் மசூர் அதனைத் தீர்க்க வகுப்பில் மீண்டும் விளக்கினார். வேறொரு வகையில் மறுபடியும் விளக்கினார். மாணவர் முகங்கள் தெளியவில்லை. இறுதியில், நீங்களே ஒருவரோடு ஒருவர் பேசிப் பாருங்கள் என்றார். பேரவை முழுதும் இரைச்சல் எழுந்தது. சில நிமிடங்களில், ஆசிரியரால் விளக்க இயலாததை மாணவர் தமக்குள் விளக்கிக் கொண்டனர். இதன் காரணத்தையும் மசூர் ஆராய்ந்து கூறுகின்றார். ஒரு கருத்தை நெடுங்காலத்திற்கு முன் கற்ற ஆசிரியருக்கு, அதனைக் கற்கும்போது தாம் எங்கே இடறினோம் என்பது மறந்து போயிருக்கும். சற்று முன்னர்த் தெளிவு பெற்ற மாணவருக்கோ அவ்விடறல் நினைவில் நிற்கும். ஆகவே அடுத்திருப்பவரை அவரால் கைப்பிடித்து அழைத்துவர முடிகின்றது.

வகுப்பு நடைபெறும் முறை

இம்முறையில் பாடப்பகுதியை மாணவர் முன்னரே படித்து வருதல் வேண்டும். வகுப்பில் ஆசிரியர் ஏழு முதல் பத்து நிமிடம் வரை ஒரே கருத்தை மட்டும் விளக்குவார். பின்னர் அக்கருத்தைச் சோதிக்கும் ஒரு வினாவை, மூன்று நான்கு விடைகளுடன் முன்வைப்பார். மாணவர் ஓரிரு நிமிடம் தனியே எண்ணி, எவரோடும் பேசாமல், தம் விடையைத் தெரிவிப்பர். சரியான விடை கூறியோர் மிகக் குறைவாயின், ஆசிரியர் அக்கருத்தை மீண்டும் விளக்குவார். மிகப் பலராயின், சுருக்கமாகக் கூறி அடுத்த கருத்துக்குச் செல்வார். நூற்றுக்கு முப்பதிலிருந்து எழுபதுக்குள் அமையுமாயின், வேறு விடை கூறிய அண்டை மாணவரை இணங்கச் செய்யுமாறு பணிப்பார். இரண்டு மூன்று நிமிட உரையாடலுக்குப் பின் மீண்டும் விடை பெறப்படும். அதன் பின்னரே ஆசிரியர் சரியான விடையையும் காரணத்தையும் கூறுவார்.

இதில் தவிர்க்கவே கூடாத படி, முதலில் தனியே எண்ணி விடை தெரிவித்தலாகும். ஒரு விடையைத் தனதெனக் கொண்ட மாணவனே அதற்காக வாதிடுவான். வாதில் தோற்றால் ஏன் தோற்றோம் என எண்ணுவான். இப்படியை விட்டுவிட்டு, குழுவாகப் பேசுங்கள் என்று மட்டும் கூறும் வகுப்புகளில் ஒருவர் பேசப் பிறர் தலையசைப்பதே நடக்கும். விடை தெரிவிக்கப் பிற்காலத்தில் மின்கருவிகள் வந்தன. அவை இன்றியும் இது நடைபெறும். நான்கு நிற அட்டைகள் போதும்; அவையும் இல்லையெனின், விரல்களை நெஞ்சோடு அணைத்துக் காட்டினால் ஆசிரியர் மட்டும் காண்பார்.

பிறர் அறியாமல் விடை காட்டுதல் கூச்சமுடைய மாணவருக்குப் பெருந்துணையாகும். இவ்விடத்தில் புகாரி நூலின் கல்வி பற்றிய பகுதியில் இடம்பெறும் நிகழ்ச்சி ஒன்று நம் நினைவுக்கு வருகின்றது. இலை உதிராத, ஒரு முஸ்லிமுக்கு உவமையாகத்தக்க மரம் எதுவென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் வினவினார்கள். தோழர்களின் எண்ணம் பாலைவனத்து மரங்களை நோக்கிச் சென்றது. இளையவராகிய இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் பேரீச்சை எனத் தோன்றிற்று. பெரியோர் நிறைந்த அவையில் கூற வெட்கமுற்று வாளாவிருந்தார்கள். பின்னர் அவ்விடையையே அண்ணலார் கூறினார்கள். தந்தையார் உமர் (ரலி) அவர்கள் இதனை அறிந்தபோது, நீ கூறியிருந்தால் அது எனக்கு எவ்வளவு உவப்பாக இருந்திருக்கும் என்னும் கருத்துப்பட மொழிந்தார்கள். விடையைக் கூறுமுன் வினாவால் உள்ளங்களை உழுதமை ஒருபுறம். அறிந்தும் பேசாத இளையவர் ஒருவர் அவ்வவையில் இருந்தமை மறுபுறம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவ மாணவியர் பலர் நம் வகுப்புகளில் இவ்வாறே அறிந்தும் பேசாதிருக்கின்றனர் என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர்.

விளைவு அளக்கப்பெற்ற வகை

ஒரு வகுப்பு பாடத்திற்கு முன் 100க்கு 40 பெறுகின்றது எனக் கொள்வோம். அது மேலும் பெறத்தக்கது 60. பாடம் முடிந்தபின் 55 பெறுமாயின் ஈட்டியது 15; அஃதாவது பெறத்தக்கதில் கால் பங்கு. இவ்வளவையால் நோக்கின், விசைக் கருத்துகளைச் சோதிக்கும் தேர்வில் மசூரின் வகுப்பு, விரிவுரை முறையில் நடைபெற்ற 1990ஆம் ஆண்டில் ஈட்டியது ஏறத்தாழ கால் பங்கு. புதிய முறை புகுந்த 1991ஆம் ஆண்டில் ஈட்டியது ஏறத்தாழப் பாதி. 1997ஆம் ஆண்டில் அது முக்கால் பங்கினை நெருங்கிற்று. இடையில் வினாக்களும் முன்படிப்பு முறையும் செப்பம் செய்யப்பெற்றமையும் இவ்வுயர்வுக்குக் காரணம் ஆதலின், முழுப் பெருமையையும் உரையாடலுக்கே உரித்தாக்குதல் பொருந்தாது. ஒரே ஆசிரியரின் திறமை இது என ஐயுறுவோருக்கு, ரிச்சர்டு ஹேக் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பாய்வு விடையளிக்கும். 62 வகுப்புகள், 6,542 மாணவர் அடங்கிய அவ்வாய்வில் விரிவுரை வகுப்புகளின் ஈட்டம் சராசரி 0.23; மாணவர் ஈடுபாட்டுடன் நிகழ்ந்த வகுப்புகளின் ஈட்டம் 0.48. இயற்பியலுக்கு அப்பால், அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளைச் சார்ந்த 225 ஆய்வுகளை 2014ஆம் ஆண்டு ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் தொகுத்து நோக்கினர். விரிவுரை வகுப்புகளில் தோல்வியுற்றோர் நூற்றுக்கு 33.8, மாணவர் செயல்படும் வகுப்புகளில் 21.8. இவ்விரு எண்களின் இடைவெளியில் நிற்போர் கல்லூரியை விட்டு நீங்கும் நிலையில் உள்ள பிள்ளைகள்.

கெட்டிக்கார மாணவன் விடையைச் சொல்ல மற்றவன் பார்த்துக்கொள்கின்றான், இதில் கற்றல் எங்கே என்பது பலரும் எழுப்பும் தடை. கொலராடோ பல்கலைக்கழகத்து மரபியல் வகுப்பில் இத்தடை சோதிக்கப்பெற்றது. முடிவுகள் 2009ஆம் ஆண்டு வெளிவந்தன. உரையாடலுக்குப் பின் அதே கருத்தைச் சார்ந்த வேறொரு வினாவை மாணவர் தனியே எதிர்கொண்டனர். அதிலும் அவர்கள் முன்னேற்றம் காட்டினர். தொடக்கத்தில் எவரும் சரியான விடையை அறியாத குழுக்களிலும் உரையாடல் பயன் தந்தமைக்குச் சான்று கிடைத்தது.

இவற்றினும் நம்மைச் சிந்திக்க வைப்பது 2019ஆம் ஆண்டு ஹார்வர்டிலிருந்து வெளிவந்த ஆய்வாகும். ஒரே பாடத்தை ஒரு பிரிவினர் தெளிவான விரிவுரையாகக் கேட்டனர். மற்றொரு பிரிவினர் தாமே முயன்று கற்றனர். தேர்வில் மிகுதியாகப் பெற்றோர் தாமே முயன்றவர்கள். ஆயினும், மிகுதியாகக் கற்றோம் என்னும் நிறைவு விரிவுரை கேட்டோரிடமே மேலோங்கி இருந்தது! ஆற்றொழுக்கான பேச்சு, கேட்பவனுக்குத் தானே அறிந்துவிட்டதான உணர்வைத் தருகின்றது. முயன்று கற்பவனோ தன் தடுமாற்றத்தையே கற்றல் குறைவென எண்ணிவிடுகின்றான். மாணவர் நிரப்பும் கருத்துப் படிவங்களைக் கொண்டே ஒரு புதுமையின் வெற்றியை அறுதியிடுவது எத்துணை இடர்ப்பாடுடையது என்பது இதனால் விளங்கும். மேடையில் சொற்பொழிவு நயத்தைப் போற்றும் தமிழாசிரியர்களாகிய நமக்கு இச்செய்தி சற்றுக் கசக்கவே செய்யும்.

உடன் பயில்வோரால் அறிவு நிறைவுறும் என்பது நம் முன்னோர் அறியாததன்று. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வையாகக் கொண்டாலும் மாணவன் பெறுவது கால் பங்கே என்றும், உடன் பயில்வோரொடு பழகுதலால் கால் பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய பாதியும் நிரம்பும் என்றும் பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் கணக்கிட்டுக் காட்டுகின்றார். மதரஸாக்களில் நெடுங்காலமாக ஓதப்பட்டு வரும் 'தஃலீமுல் முதஅல்லிம்' என்னும் நூலில், கற்போர் ஒருவரோடொருவர் பாடத்தை நினைவுகூர்ந்து பேசுதலையும் வினவி வாதித்தலையும் இமாம் ஸர்நூஜி இன்றியமையாதனவாக வலியுறுத்துகின்றார். பாடம் முடிந்தபின் மாணவர் கூடி அமர்ந்து அதனைத் திருப்பிச் சொல்லும் 'தக்ரார்' என்னும் வழக்கம் துணைக்கண்டத்து மதரஸாக்களில் உண்டு. எல்லாம் எம்மிடம் முன்பே இருந்தன என்று அமைவதற்காக இவற்றைக் கூறவில்லை. மசூர் செய்த புதுமை, இப்பழக்கத்தை வகுப்பறைக்குள் கொணர்ந்ததும், அதன் பயனை எண்ணால் அளந்ததும் ஆகும்.

இனி, தமிழ் வகுப்பில் இது இயலுமா? லாரி, கார் வினாவுக்கு நிகரானது நம் இலக்கணத்திலும் உண்டு. அன்மொழித்தொகைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் 'பொற்றொடி வந்தாள்' என எழுதாத மாணவர் இலர். அவர்களிடம் 'பொற்றொடி உடைந்தது' என்பதிலுள்ள 'பொற்றொடி' அன்மொழித்தொகையா எனக் கேட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுச் சொல்லை மனனம் செய்தவர் ஆம் என்பர். தொகைக்குப் புறத்தே வேறொரு பொருள் தோன்றினாலன்றி அன்மொழித்தொகை இல்லை என்பதை உணர்ந்தவர், உடைந்தது வளையலே ஆதலின் அது வேற்றுமைத்தொகை அளவில் நின்றது என்பர். இரு சாராரும் ஐந்து நிமிடம் வாதிடட்டும். 'உடைந்தது' என்னும் அஃறிணை முற்றினை எவரேனும் ஒருவர் சுட்டிக் காட்டும்போது வகுப்பில் எழும் தெளிவு, நூற்பாவைப் பத்துமுறை சொல்வதால் எழுவதன்று. இதற்கு மாறாக, நூலாசிரியர் பெயர், காலம் போன்ற செய்திகளுக்கு இம்முறை வேண்டுவதில்லை. அவற்றைப் படித்து நினைவில் கொள்வதே வழி.

தடையாக நிற்பது வேறொன்று. பருவத் தேர்வின் வினாத்தாள் 'அன்மொழித்தொகையைச் சான்றுடன் விளக்குக' என்றே கேட்டுக்கொண்டிருக்குமாயின், மாணவர் மீண்டும் மனனத்திற்கே திரும்புவர். அவர்களைக் குறைகூற இயலாது. மசூர் தம் தேர்வுத் தாள்களிலும் கருத்து வினாக்களைச் சேர்த்த பின்னரே மாணவர் அவற்றைப் பொருட்படுத்தினர். தன்னாட்சிக் கல்லூரிகளில் வினாத்தாளை அமைக்கும் உரிமை பாடத்திட்டக் குழுக்களிடமே உள்ளது. தாளுக்கு இரண்டு வினாக்கள் இவ்வாறு அமைந்தாலும் போதும். பல்கலைக்கழகத் தேர்வுக்கு உட்பட்ட கல்லூரிகளில் அகமதிப்பீட்டுத் தேர்வுகள் உள்ளன. வினாக்களுக்கு மூலப்பொருளை வெளியில் தேட வேண்டுவதில்லை. திருத்தி முடித்த விடைத்தாள்களில் எந்தத் தவறான விடை திரும்பத் திரும்ப வருகின்றதோ, அதுவே அடுத்த ஆண்டு வகுப்பில் மாணவர் தேர்ந்தெடுக்க வைக்கவேண்டிய இரண்டாம் விடை.