வெள்ளத்துக்கு முந்திய ஆறு மணி நேரம்: கடைக்கு ஏற்ற வண்டி எது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்து வணிகப் பெருமக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. ஒரே நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வானிலைத் துறை அதை அதிகனமழை என்று வகைப்படுத்துகிறது. அன்று பெய்ததோ அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். தாமிரபரணியில் ஒரு லட்சம் கன அடிக்கும் அதிகமான வெள்ளம் பாய்ந்தது. ஏரல் கடைத்தெரு நீரில் மூழ்கியது. தூத்துக்குடி நகரின் தாழ்வான பகுதிகளில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. திருநெல்வேலிச் சாலை, திருச்செந்தூர்ச் சாலை இரண்டும் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. மீட்புப் பணி முடிய 19-ஆம் தேதி ஆயிற்று.

கடைகளில் நடந்ததைச் சொல்லவே வேண்டாம். அடிவரிசை மூட்டை நனைந்தால் மேல்வரிசையும் சரியும். சீனியும் உப்பும் கரைந்து போகும். மைதாவும் ரவையும் களியாகும். பருப்பு மூன்றாம் நாள் நாறும்.

அதிலிருந்து கடைத்தெருவில் அடிக்கடி அடிபடும் பேச்சு ஒன்று உண்டு. “அண்ணாச்சி, இனிமேல் ஆபத்துக்கு உதவுகிற மாதிரி ஒரு வண்டி வேண்டும். உயரமான ஜீப்பாக, நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமா?” என்பதுதான் அது. ஆசை நியாயமானது. ஆனால், பலசரக்கு வியாபாரிக்கு அது சரியான வண்டி அல்ல என்பதே நம் கருத்து. வெள்ளத்தில் ஓடுகிற வண்டியால் நமக்குப் பெரிய பயன் இல்லை. வெள்ளம் வருமுன் ஓடி முடிக்கிற வண்டிதான் நமக்கு வேண்டும்.

காரணம் சொல்கிறோம். தேங்கி நிற்கும் நீர் வேறு, ஓடும் நீர் வேறு. ஓடும் நீர் ஓரடி உயர்ந்தால் போதும், சிறிய காரை மிதக்கவைத்துத் தள்ளிவிடும். இரண்டடி உயர்ந்தால் ஜீப்பும் பிக்அப்பும்கூட நிலைகொள்வதில்லை. அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போயிற்றா என்பதும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. 2023-இல் நீர் நின்ற ஊர்களுக்குள் போனவை டிராக்டர்கள், பெரிய லாரிகள், நம் மீனவச் சகோதரர்களின் ஃபைபர் படகுகள், வானிலிருந்து உணவுப் பொட்டலம் போட்ட ஹெலிகாப்டர்கள் ஆகியவைதாம். பல லட்சம் கொடுத்து வாங்கிய ஜீப் வீட்டு வாசலில் நின்று நனைந்திருக்கும், அவ்வளவுதான். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் நம் ஊர்த் தோணிக்காரர்களைப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அவர்கள் தோணியைக் கரையில் நிறுத்திவிடுகிறார்கள். காற்றோடு மல்லுக்கட்டுவதற்கென்று தனித் தோணி எதையும் அவர்கள் கட்டுவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு சிறு மொத்த வியாபாரியின் கிட்டங்கியில் 10 டன் சரக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ சிப்பமாக 400 சிப்பம். குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் 2005-இல் சந்தைக்கு வந்தபோது அதன் சுமைத்திறன் முக்கால் டன். அதாவது ஒரு நடைக்கு 30 சிப்பம். முழுச் சரக்கையும் மாற்ற 14 நடை. ஒன்றரை டன் பிக்அப் என்றால் 7 நடை. ஏற்றி, ஓட்டி, இறக்கித் திரும்ப ஒரு நடைக்கு ஒரு மணி நேரம் என்றால், முன்னதற்கு 14 மணி நேரம், பின்னதற்கு 7 மணி நேரம். சிவப்பு எச்சரிக்கை வந்தபின் கையில் நிம்மதியாக ஆறு மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். மழைக்குள் மூட்டை ஏற்றுவது, வெயிலில் ஏற்றுவது போலவும் இராது.

ஆகவே முழுச் சரக்கையும் வண்டியில் மாற்றுவது பெரும்பாலோருக்கு ஆகாத காரியம். கரையும் சரக்கு, விலை உயர்ந்த சரக்கு, பேரேடு, கணினி ஆகியவை வண்டியில் போகட்டும். சீனி, உப்பு, மாவு வகை, ஏலம், முந்திரி, தேயிலை ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் பல கடைகளில் இரண்டு மூன்று டன்னுக்குள்தான் வரும். குட்டி யானைக்கு அது நான்கு நடை. மிச்சத்தைக் கடைக்குள்ளேயே பலகை போட்டு நெஞ்சளவு உயர்த்தி அடுக்கலாம். எண்ணெய் டின்கள் கீழே இருக்கலாம். இப்படிப் பிரித்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய வண்டி தேவை என்பது தானே தெரிந்துவிடும்.

அதைவிட முக்கியமானது, அவசரத்தில் நடையைக் குறைக்க நினைத்து முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றாதிருப்பது. அன்றைக்குப் பார்த்துப் பட்டை முறியும். பழுது பார்க்கிறவரும் தன் வீட்டுச் சாமானைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

எந்த வண்டி?

தினமும் ஓடுகிற வண்டியே ஆபத்துக்கும் நம்பகமானது. மாதக்கணக்கில் கொட்டகையில் மூடிக் கிடக்கும் வண்டிக்குத் தேவைப்படும் நாளில் பேட்டரி இறங்கியிருக்கும், டயர் காற்று போயிருக்கும். நாள்தோறும் சந்தைக்கும் கடைக்கும் ஓடுகிற வண்டியின் கோளாறு அன்றன்றே தெரிந்து அன்றன்றே சரியாகும். நம் தெரு முனை மெக்கானிக்குக்குப் பழகிய வண்டியாக, உதிரிப்பாகம் ஊரிலேயே கிடைக்கிற வண்டியாக இருப்பது இன்னும் நல்லது. உதிரிப்பாகத்துக்கு மதுரைக்கு ஆள் அனுப்ப வேண்டிய வண்டி, எவ்வளவு உயர்ந்ததானாலும் வேண்டாம்.

சிறு சரக்கு வண்டிகளில் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் ஒரு சாணுக்கும் குறைவு. பிக்அப்பில் சற்றுக் கூடுதல். ஆனால் அதைவிடக் கவனிக்க வேண்டியது, என்ஜின் காற்றை இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. வாங்கும் முன் மெக்கானிக்கைக் கேட்டு அளந்து பாருங்கள். அந்த வாய்க்குள் தண்ணீர் போனால் காற்றைப்போல் அதை அமுக்க முடியாது. பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்து, என்ஜினே போய்விடும். பாதுகாப்பான எல்லை அதைவிடக் கீழே, சக்கரத்தின் நடு அச்சு. தேங்கிய நீர் அதற்கு மேல் என்றால் பேரிங்கிலும் டிஃபரென்ஷியலிலும் நீர் இறங்கும். அந்த உயரத்தில் கதவின் மேல் ஒரு வர்ணக்கோடு போட்டு வைத்தால், ஓட்டுநரிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சில்லறைக் கடைக்காரர்களுக்கு நான்கு சக்கரம் கட்டுப்படியாகாது. அவர்களுக்கு லோடு ஆட்டோவோ, டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியோ போதும். எக்ஸ்.எல்.லைச் சிலர் இளக்காரமாகப் பேசுவதுண்டு. வெள்ளம் வடிந்த மறுநாள், பாலத்தில் பாதி போய், லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது, ஒரு மூட்டை அரிசியோடு ஒற்றையடிப் பாதையில் போய்ச் சேர்வது அதுதான்.

மின்சார வண்டியைப் பற்றியும் கேட்கிறார்கள். சிலாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி திறக்கப்பட்டபின் இந்த ஆர்வம் கூடியிருக்கிறது. அன்றாட ஓட்டத்துக்குச் செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் மின்சாரம் நாள் கணக்கில் இல்லாமல் போகும் வேளையில் சார்ஜ் ஏற்ற வழியிராது. கடையில் ஒரே வண்டிதான் என்றால் இப்போதைக்கு டீசலோ பெட்ரோலோ நல்லது. அதுவும் முழுத் தீர்வல்ல. பெட்ரோல் பங்கின் பம்பும் மின்சாரத்தில் ஓடுவதுதான். ஜெனரேட்டர் இல்லாத பங்கில் நிலத்தடித் தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் நமக்கு ஒரு லிட்டர் கிடைக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வண்டியின் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. சேமித்து வைப்பதானால், சொந்தப் பயனுக்கு 30 லிட்டர் வரை பெட்ரோலை உலோகக் கலனில் உரிமமின்றி வைத்துக்கொள்ள 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் இடம் தருகிறது. டீசலுக்கு வரம்பு இன்னும் தாராளம். ஆனால் தீப்பெட்டியும் எண்ணெயும் அடுக்கிய பலசரக்குக் கடைக்குள் பெட்ரோல் வைப்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

பழைய வண்டி வாங்குவோர் இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நம் ஊர் உப்புக் காற்று சேஸிஸைத் தின்றுவிடும். குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் மெருகேற்றி விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறை தெரியும். பின்விளக்குக் கண்ணாடிக்குள் வண்டல் படிந்திருக்கும். என்ஜின் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

காகிதங்கள்

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்த வண்டிக்கு வெள்ளச் சேதத்தில் ஒரு ரூபாயும் வராது. முழுக் காப்பீடு வேண்டும். அதிலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால், அது ஓட்டியவரால் வந்த சேதம் என்று இழப்பீட்டை மறுப்பார்கள். என்ஜின் பாதுகாப்புக்குத் தனிச் சேர்க்கை உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மூழ்கிய வண்டியின் சாவியைத் தொடாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. சரக்குக்கு எடுக்கும் காப்பீடு, பாலிசியில் எழுதிய முகவரிக்கு உரியது. வெள்ளத்துக்குத் தப்பிக்க மைத்துனர் கிட்டங்கிக்கு மாற்றிய சரக்கு அங்கே நனைந்தால், அதற்குப் பணம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இரண்டாவது முகவரியையும் சேர்க்க முடியுமா என்று இப்போதே முகவரைக் கேட்டுவிடுங்கள்.

ஓட்டுநர் விஷயத்தில் நல்ல செய்தி ஒன்று. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பளித்திருக்கிறது. குட்டி யானையும் பிக்அப்பும் அதற்குள் அடங்கும். ஓட்டுநர் தன் குடும்பத்தைக் காக்க ஊருக்குப் போய்விட்ட நாளில், கார் ஓட்டும் உரிமம் உள்ள உங்கள் மகனோ மகளோ சரக்கு வண்டியை எடுக்கலாம். ஆனால் அந்த நாள்தான் அவர்கள் முதல்முதலாக ஓட்டும் நாளாக இருக்கக் கூடாது.

டிராக்டரை வாங்க வேண்டியதில்லை. பேசி வைத்துக்கொண்டால் போதும். அத்திமரப்பட்டி, முத்தையாபுரம் பக்கம் உறவோ பழக்கமோ இல்லாத வணிகர் நம்மில் குறைவு. பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு டிராக்டர்காரரிடம் வாடகையை முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாம். தண்ணீர் வந்தபின் பேசினால் விலை வேறு, கிடைப்பதும் ஐயம்.

2023-இல் பெய்த மழைக்குப் புயல் காரணமில்லை. குமரிக்கடல் பகுதியில் நின்ற வளிமண்டலச் சுழற்சியால் வந்தது அது. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு என்று பார்த்துக்கொண்டிருப்பது அத்தகைய மழைக்கு உதவாது. மாவட்டத்துக்கு வரும் நிற எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். ஆரஞ்சு என்றதும் டேங்கை நிரப்புங்கள், பலகைகளை எடுங்கள். சிவப்பு என்றதும் முதல் நடை கிளம்பட்டும்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு நடையை மட்டும் ஏற்றி, மாற்றிடத்தில் இறக்கி, கைக்கடிகாரத்தில் நேரம் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று, எத்தனை ஆள் தேவைப்பட்டது, எந்தச் சரக்கு முதலில் போகும் என்பதைக் கல்லாவுக்குப் பின்சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஓட்டுநர், சுமை தூக்கும் தொழிலாளர்கள், டிராக்டர்காரர் ஆகியோரின் தொலைபேசி எண்களோடு வீட்டு முகவரியையும் எழுதுங்கள். 2023-இல் பல இடங்களில் கைபேசி வேலை செய்யவில்லை. ஆளை நேரில் போய்த்தான் கூப்பிட வேண்டியிருந்தது.