துருக்கித் தொப்பியும் வாப்பாமாரின் கறுப்புக் கோட்டும்

வரிப்பத்தான்சேனையிலும் இறக்காமத்திலும் கல்முனையிலும் வாடகைக்குக் கோட் சூட் தேடி அலையும் மாப்பிள்ளைமாருக்கு ஒரு வார்த்தை. வாப்பாவின் வாப்பா போட்ட கறுப்புக் கோட் வீட்டு அலுமாரியில் கிடந்தால், முதலில் அதை வெளியே எடுங்கள். அந்தக் காலத்துக் கம்பளித் துணியும் கைத்தையலும் இன்றைய வாடகைக் கடையில் கிடைப்பது அரிது. ஆனால் போட்டால் முறையாகப் போடவேண்டும். அரைகுறையாகப் போட்டால் நாடக உடுப்பாகிவிடும்.

அந்த முறை தலையில் தொடங்குகிறது. வெள்ளைக்காரர் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றுவார். முஸ்லிம் கனவான் துருக்கித் தொப்பியைக் கழற்றமாட்டார். சபையிலும் சாப்பாட்டு மேசையிலும் அது தலையிலேயே இருக்கும். இதற்காக இலங்கையில் ஒரு போராட்டமே நடந்தது. 1905ஆம் ஆண்டு மே மாதம், துருக்கித் தொப்பியும் சப்பாத்தும் அணிந்து உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கறிஞர் எம்.சி.அப்துல் காதரிடம், இரண்டில் ஒன்றைக் கழற்றும்படி பிரதம நீதியரசர் லயார்ட் சொன்னார். அவர் இணங்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் கூடியது. இந்தியாவிலிருந்து மௌலவி ரபியுத்தீன் அஹ்மத் வந்து பேசினார். தொப்பி அணியும் உரிமை பின்னர் கிடைத்தது. முஸ்லிம் தலைவர்களான ரி.பி.ஜாயாவும் ராசிக் பரீதும் தொப்பியோடு நிற்கும் படங்களைப் பார்க்கும்போது அந்தக் கூட்டம்தான் என் நினைவுக்கு வரும்.

1925இல் துருக்கியே இந்தத் தொப்பியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. இங்கே அது அதன் பிறகும் பல்லாண்டுகள் மாப்பிள்ளையின் தலையில் இருந்தது. அணியும்போது நெற்றிக்கு நேராக, சரியாமல் இருக்கட்டும். கறுப்புக் குஞ்சம் முகத்தில் விழக்கூடாது. கம்பளியை அமுக்கிச் செய்த தொப்பி என்பதால் மடித்து வைத்தால் உருக்குலைந்துவிடும். பித்தளை அச்சில் ஏற்றி ஆவி பிடித்துத்தான் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள்.

கோட்டில் முதலில் பார்க்கவேண்டியது தோள். இடுப்பையும் கையையும் தையற்காரர் திருத்தலாம். தோள் பொருந்தாவிட்டால் அந்தக் கோட்டை விட்டுவிடுங்கள். கோட் கைக்கு வெளியே சேட்டின் கை அரை அங்குலம் தெரியவேண்டும். பழைய களிசான் தொப்புள் வரை ஏறி நிற்கும். அதற்குப் பெல்ட் வேண்டாம், தோள்வார்தான். இடுப்பில் இறக்கிப் போட்டால் வெயிஸ்ட்கோட்டுக்கும் களிசானுக்கும் நடுவே வெள்ளைச் சேட் பிதுங்கும். இன்றைய கலியாணப் படங்களில் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் அதுதான். வால்கோட்டுக்கு வெள்ளை வில் ரை, டின்னர் கோட்டுக்குக் கறுப்பு. இரண்டும் மாலை உடுப்புகள். பகல் நிக்காஹ்வுக்குச் சாதாரண கறுப்புக் கோட்டே பொருத்தம்.

நமக்கு இன்னொரு கவனமும் உண்டு. மாலைக் கோட்டின் மடிப்புக் கழுத்தில் பட்டு வைத்துத் தைப்பார்கள். ஆண்களுக்குப் பட்டும் தங்கமும் ஆகாது. நான்கு விரல் அகலம் வரையிலான பட்டுக்கு ஹதீஸில் விலக்கு உண்டு. பழைய கோட்டென்றால் அது அசல் பட்டாகவே இருக்கலாம். அகலத்தை அளந்துகொண்டு மௌலவியிடம் கேளுங்கள். பித்தான் பற்றிக் கவலையில்லை. வெள்ளை ரையோடு போடும் சேட்டுக்கு முத்துச்சிப்பிப் பித்தான்தான் மரபு. தங்கம் தேவையே இல்லை.

நம் கரையோரக் காற்றின் ஈரம் கம்பளிக்குப் பகை. கோட்டைத் தண்ணீரில் நனைக்காதீர்கள். தூரிகையால் தூசு தட்டி, நிழலில் காற்றாட விட்டு, அகலமான தாங்கியில் மாட்டி, பூச்சி உருண்டை போட்டு வையுங்கள். கலியாணத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகவே, பழைய கோட் தைத்துப் பழகிய மூத்த தையற்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.