துகள் தடுத்த நிலாப் பயணம்

2022 டிசம்பர் 11 அன்று ஃபால்கன் 9 ராக்கெட்டில் கிளம்பிய நாசாவின் ‘லூனார் ஃபிளாஷ்லைட்’ செயற்கைக்கோளின் எடை சுமார் 14 கிலோதான். நிலாவின் தென்துருவத்தில் வெயிலே படாத பள்ளங்களுக்குள் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அங்கே பனிக்கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. லேசர் கருவி சோதனையில் தேறியது. கணினியும் ரேடியோவும் நன்றாகவே இயங்கின. காலை வாரியவை திரஸ்டர் எனப்படும் உந்துபொறிகள்.

பெரிய செயற்கைக்கோள்களில் பல காலமாக ஹைட்ரஸின்தான் எரிபொருள். வினையூக்கியைத் தொட்டதும் சிதைந்து சூடான வாயுவாகச் சீறும். ஆனால் கொடிய நஞ்சு. அதை நிரப்புபவர்கள் உடல் முழுக்க மூடிய கவச உடை அணிய வேண்டும். வேறொருவர் ராக்கெட்டில் இடம் கேட்டுப் போகும் குட்டிச் செயற்கைக்கோளுக்கு இது சரிப்படுமா? அதனால்தான் நஞ்சு குறைந்த ‘அசென்ட்’ எரிபொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019-இல் ஏவப்பட்ட இன்னொரு செயற்கைக்கோளில் அது ஏற்கெனவே தேறியிருந்தது. ஹைட்ரஸினைவிட அடர்த்தி அதிகம் என்பதால் சின்னத் தொட்டியிலேயே நிறைய அடைக்கலாம். வினையூக்கியை முதலில் நன்றாகச் சூடேற்ற வேண்டும் என்பதுதான் கூடுதல் சுமை.

நான்கு உந்துபொறிகள்; ஒவ்வொன்றும் தரவேண்டிய விசை சுமார் 100 மில்லிநியூட்டன். உள்ளங்கையில் 10 கிராம் தங்கக் காசை வைத்தால் உணரும் கனம், அவ்வளவுதான். காற்றில்லாத வெளியில் அதுவே போதும், எரிபொருள் தடையின்றி வந்துகொண்டிருந்தால்!

வரவில்லை. எரிபொருள் செல்லும் பாதை முப்பரிமாண அச்சு முறையில் செய்யப்பட்டது. அதில் தங்கிவிட்ட உலோகத் தூளோ சீவலோ வழியை அடைத்திருக்கலாம் என்று குழுவினர் கருதினார்கள். பம்பின் அழுத்தத்தை வரம்புக்கு மேல் ஏற்றி, வால்வுகளைத் திறந்து மூடி, அடைப்பை நீக்கப் பல மாதங்கள் போராடினார்கள். ஒரே ஒரு உந்துபொறியை வைத்தே நிலாவை எட்டவும் முயன்றார்கள். பலிக்கவில்லை. 2023 மே மாதம் திட்டத்தைக் கைவிட்டதாக நாசா அறிவித்தது.

பொறியைச் சுருக்கினால் குழாயும் வால்வும் கூடவே சுருங்குகின்றன. பெரிய குழாயில் அடித்துக்கொண்டு போய்விடும் ஒரு துகள், சிறிய குழாயில் பயணத்தையே நிறுத்திவிடும். குழுவினரின் கணிப்பு சரியென்றால், வேதியியல் இங்கே தோற்கவில்லை, சுத்தம்தான் தோற்றது. சிறு செயற்கைக்கோள் செய்யக் கிளம்பும் நம் மாணவர்கள் எந்த எரிபொருள் என்று யோசிப்பதற்கு முன்பே, அச்சிட்ட குழாயை எப்படிக் கழுவுவது, அது சுத்தமாகிவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது என்பதை முடிவுசெய்துவிட வேண்டும்.