கைப்பந்து ஆட்டத்தில் எதிர்வினை நேரமும் பயிற்சி முறைகளும்

மைசூர்ப் பல்கலைக் கழகத்தில் 1924ஆம் ஆண்டில் மனோதத்துவத் துறை தொடங்கப்பெற்றது. லண்டனில் ஸ்பியர்மன் என்னும் பேரறிஞரிடம் பயின்று திரும்பிய எம். வி. கோபாலசுவாமி அதனை அமைத்தார். மனோதத்துவச் சோதனைச்சாலைகளில் மாணவர் கற்கும் தொடக்கப் பரிசோதனைகளுள் ஒன்று எதிர்வினை நேரத்தை அளத்தலாகும். ஓர் ஒளியோ ஒலியோ தோன்றிய கணத்திற்கும், அதற்கு விடையாக உடல் இயங்கத் தொடங்கும் கணத்திற்கும் இடைப்பட்ட காலமே எதிர்வினை நேரம் எனப்படும். சோதனைச்சாலை மேசையில் ஆராயப்பட்ட இப்பொருள் ஆடுகளத்திலும் பெரிதும் பயன்படுவதாகும்.

வாலிபால் எனப்படும் கைப்பந்துக் களத்தின் நீளம் 18 மீட்டர். வலையருகே மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்பட்ட பந்து வினாடிக்கு 25 மீட்டர் செல்லும். வலைக்கு 6 மீட்டர் பின்னே நிற்பவரை அது ஏறத்தாழக் கால் வினாடியில் அடைந்துவிடும். உடல்நலமுள்ள இளைஞர் ஒருவர் ஒளியைக் கண்டு கையை அசைக்கவே சுமார் ஐந்தில் ஒரு பங்கு வினாடி ஆகின்றது. எஞ்சிய சிறு காலத்தில் உடலைத் திருப்பிக் கைகளை நீட்டுதல் இயலாது. ஆயினும் தேர்ந்த ஆட்டக்காரர் பந்தை எடுத்துவிடுகின்றனர். காரணம் யாது? பந்து அடிபடுவதற்கு முன்னரே அதன் போக்கை அவர் ஊகித்துக் கொள்கின்றார் என்பதே.

எதிர்வினை இருவகைப்படும். ஒரே குறிக்கு ஒரே விடை அளிப்பது எளிய எதிர்வினை. பல குறிகளுள் ஒன்றைப் பிரித்தறிந்து தக்க விடையைத் தெரிந்தெடுப்பது தேர்வு எதிர்வினை. பின்னதற்கு மிகுதியான நேரம் ஆகும் என்பதை டச்சு நாட்டு அறிஞர் டாண்டர்ஸ் 1868இல் காட்டினார். எதிர்பார்க்க வேண்டிய வாய்ப்புகள் பெருகப் பெருக இந்நேரமும் நீளும் என்பதை 1952இல் ஹிக் என்பவர் நிறுவினார். எனவே வாய்ப்புகளைக் குறைத்துக் கொள்ளக் கற்பித்தலே பயிற்சியின் சாரமாகும்.

எளிய எதிர்வினையை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. 30 சென்டிமீட்டர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் அடிமுனை மாணவனின் விரல்களுக்கிடையே இருக்குமாறு செய்து, முன்னறிவிப்பின்றி விடுக. 10 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.14 வினாடி, 20 சென்டிமீட்டரில் 0.20, 30 சென்டிமீட்டரில் 0.25. முதல் சில முயற்சிகளை நீக்கிப் பத்து முயற்சிகளின் சராசரியைக் கொள்க.

பயிற்சி முறைகள் சில வருமாறு:

முதலாவது, ஆயத்த நிலை. முழங்கால்களைச் சற்றே மடித்து, உடற்பாரத்தை முன்பாதங்களில் தாங்கி, கைகளை உடலுக்கு முன்னே வைத்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, சுவர்ப் பயிற்சி. மாணவன் சுவரை நோக்கி நிற்க, ஆசிரியர் அவன் பின்னிருந்து பந்தைச் சுவரில் எறிதல் வேண்டும். திரும்பி வரும் பந்தை அவன் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, தேர்வுப் பயிற்சி. ஆசிரியர் இரு வண்ண அட்டைகளுள் ஒன்றை உயர்த்த, அதற்கேற்ப மாணவன் இடமோ வலமோ பாய்தல். பழகியபின் அட்டைகளை நான்காக்கலாம்.

நான்காவது, ஊகப் பயிற்சி. அடிப்பவர் ஓடிவந்து எழும்பிக் கையோங்கியதும், பார்ப்பவர் கண்ணை மூடிப் பந்து செல்லும் திசையைக் கூறவேண்டும். தோள், முழங்கை, ஓடிவரும் கோணம் ஆகியவற்றைக் கவனிக்கும் பழக்கம் இதனால் உண்டாகும்.

இப்பயிற்சிகளை உடல் சூடேறியபின், களைப்புத் தோன்றுமுன், குறுகிய நேரமே நடத்துக. களைப்பும் தூக்கக் குறைவும் எதிர்வினையை மந்தமாக்கும். விசில் ஒலிக்கு மட்டும் பாய்ந்து பழகுதல் போதாது. ஆட்டத்தில் விடையளிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியும் பந்திற்கே.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. எளிய எதிர்வினை நேரம் பயிற்சியால் சிறிதளவே குறையும். தேர்வும் ஊகமுமோ பயிற்சியால் பெரிதும் வளரும். ஆகவே அளவுகோலைத் தாமதமாகப் பிடித்தான் என்பதற்காக ஒரு கிராமத்துச் சிறுவனை அணியினின்று விலக்குதல் விஞ்ஞானத்திற்கும் நியாயத்திற்கும் ஒவ்வாது. முதலில் அவனுடைய கண்பார்வையைச் சோதிக்கச் செய்க. பின்னர்ச் சில திங்கள் களத்தில் பயிற்றுக. அளவுகோல் விரல்களின் விரைவையே காட்டும். ஆட்டத்தை அறியும் அறிவைக் களமே காட்டும்.