வெயில் இலவசம், மானியம் எதற்கு?

நிலக்கரிக்கு விலை உண்டு. மண்ணெண்ணெய்க்கு விலை உண்டு. வெயிலுக்கு விலை கிடையாது. அப்படியிருக்க, வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்க விரும்பும் வீட்டுக்காரருக்கு அரசு ஏன் பண உதவி செய்ய வேண்டும்? விடை காணுமுன், அக்கருவி வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம்.

கூரை மேல் வைக்கும் பலகைகளில் சிலிகான் மின்கலங்கள் உள்ளன. ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் விடுபட்டு ஒரே திசையில் ஓடுகின்றன. இந்த நேர்மின்னோட்டத்தை, வீட்டு விளக்கும் விசிறியும் ஏற்கும் மாறுதிசை மின்னோட்டமாக இன்வர்ட்டர் மாற்றுகிறது. பகலில் மிஞ்சும் மின்சாரம் தெருக் கம்பிக்குச் செல்கிறது. இரவில் வேண்டியது அங்கிருந்து வருகிறது. இந்த வரவு செலவு இரண்டையும் மீட்டர் கணக்கு வைக்கிறது. ஒரு கிலோவாட் அமைப்பு நம் நாட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் எனக் கொள்ளலாம்.

முதல் நாள் செலவு

அனல் மின்நிலையத்துக்கு ஆயுள் முழுவதும் நிலக்கரி வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சூரியப் பலகைக்கு எரிபொருள் வேண்டாம். ஆனால் ஏறத்தாழ முழுச் செலவையும் முதல் நாளே செய்தாக வேண்டும். பலகைகள் சுமார் 25 ஆண்டுகள் உழைக்கும். அத்தனை ஆண்டு மின்சாரத்துக்கும் இன்றே பணம் கட்டுவது போன்றது இது. மாதம் ஐந்நூறு ரூபாய் கட்டக்கூடிய குடும்பம், ஒரே தடவையில் ஒரு லட்சத்துக்கு எங்கே போகும்? மானியம் இந்தத் தடையைக் குறைக்கவே வந்தது.

இரு வழிகள்

ஜெர்மனி 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வழியைக் கையாண்டது. கூரையிலிருந்து கம்பிக்கு வந்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 99 பெனிக் வீதம், 20 ஆண்டுகளுக்கு உறுதியான விலை தரப்பட்டது. கடைகளும் வீடுகளும் அப்போது மின்சாரத்துக்குக் கொடுத்த விலையைப் போல் இது பல மடங்கு. பலகைகளுக்குத் தேவை பெருகியது; உற்பத்தி பெருகியது; உலகெங்கும் விலை இறங்க அது துணை செய்தது. ஆனால் இச்செலவு, கூரை இல்லாத வாடகைக் குடித்தனக்காரரின் மின்கட்டணத்திலும் சேர்க்கப்பட்டது. 2022 ஜூலையில்தான் அந்தக் கூடுதல் கட்டணம் நின்றது.

இந்தியா யூனிட்டுக்கு அல்லாமல், கருவிக்கே உதவி தரும் வழியை மேற்கொண்டது. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டம், ஒரு கோடி வீடுகளுக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என மானியம் வகுக்கப்பட்டது. பெரிய மாளிகைக்காரர் பத்து கிலோவாட் வைத்தாலும் அதே 78,000தான். பொதுப்பணம் சிறு வீடுகளுக்கே கூடுதலாகப் போய்ச் சேர வேண்டும் என்பது இதன் கருத்து.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இரண்டு கிலோவாட்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 2,920 யூனிட் கிடைக்கும். அத்தனையும் பயன்பட்டு, யூனிட்டுக்கு 4 ரூபாய் மிச்சமானால் ஆண்டுக்கு 11,680 ரூபாய். மானியம் இல்லையெனில் போட்ட பணம் திரும்ப எட்டரை ஆண்டுகள் ஆகும். மானியம் போகக் கைப்பணம் 40,000 மட்டுமே. மூன்றரை ஆண்டுகளில் அது திரும்பிவிடும்.

ஆனால் தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. அதற்குள் அடங்கும் ஏழை வீட்டுக்கு மிச்சமாகும் கட்டணம் ஏதுமில்லை. ஆகவே அதே மானியத்தைக் கொடுத்தாலும், அக்குடும்பத்தின் 40,000 திரும்பவே திரும்பாது.

மானியம் காத்திருக்கும் காலத்தைக் குறைக்கும். கட்டாத கட்டணத்தை மிச்சப்படுத்தித் தராது. எனவே சூரியப் பலகை பற்றி யோசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, விளம்பரத்தில் உள்ள மானியத் தொகையை அல்ல. தம் வீட்டு மின் அட்டையில் உள்ள யூனிட் எண்ணிக்கையைத்தான்.