பாரத்தை ஒப்படைத்தல்: டோனாவூர் தரும் சாட்சியம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊராகிய மேலகரத்திலிருந்து தெற்கே களக்காடு வரை நீளும் நிலப்பகுதியில், சைவ வைணவ பக்தி மரபுகளின் அருகே கிறிஸ்தவ பக்தி மரபும் இரு நூற்றாண்டுகளாக வேரூன்றி வளர்ந்துள்ளது. இப்பகுதித் திருச்சபைகளில், கடனில் மூழ்கியவர்களுக்கும் தீராத நோயில் கிடப்பவர்களுக்கும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கும் கூறப்படும் முதல் ஆறுதல், பாரத்தைக் கர்த்தரிடம் இறக்கி வைத்துவிடுங்கள் என்பதே. இந்த அறிவுரை வேதாகமத்தில் ஆழ்ந்த அடித்தளம் கொண்டது. ஆயினும் பெரும்பாலும் பாதியளவே சொல்லப்படுகிறது. இறக்கி வைத்த பின்னும் கடன் தீராமல், நோய் ஆறாமல் இருக்கும்போது, தம் விசுவாசம்தான் குறைவுபட்டது என்று விசுவாசி தம்மையே குற்றப்படுத்திக்கொள்கிறார். அப்போது ஆறுதலாக வந்த சொல்லே மற்றொரு சுமையாகிவிடுகிறது. ஆகவே, பாரத்தை ஒப்படைப்பது என்றால் உண்மையில் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியமாகிறது.

இருவகைச் சுமைகள்

கிறிஸ்தவ இறையியல் இருவகைச் சுமைகளைப் பிரித்து அறிகிறது. ஒன்று பாவச்சுமை, அதாவது மனிதன் தன் குற்றத்தின் காரணமாக இறைவன்முன் உணரும் பளு. மற்றது, குற்றம் எதுவும் இல்லாதவர்மேலும் வந்து விழும் வாழ்க்கைச்சுமை. நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயண உருவகக் கதையைத் தழுவி, 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை இயற்றினார். அது 1894இல் நூலாக வெளிவந்தது. பனியனின் கதையில் பயணி முதுகில் சுமந்துவரும் மூட்டை பாவச்சுமையாகும். சிலுவையின் அடியில் அது தானே அவிழ்ந்து உருண்டு விழுகிறது, மீண்டும் அவன் முதுகில் ஏறுவதில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மூட்டை விழுந்த பின்னரே பயணி அவமானப் பள்ளத்தாக்கைக் கடக்கிறான், தோழனை இழக்கிறான், அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டைச் சிறையில் அடைபட்டு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை தள்ளப்படுகிறான். மன்னிப்புப் பெற்றவனுக்குத் துன்பமே வராது என்னும் போதனைக்கு இந்தக் கதையில் இடமில்லை. பாவச்சுமை ஒரே முறையில் நீங்குகிறது. வாழ்க்கைச்சுமையோ வழிநெடுக இறைவனோடு சேர்ந்து சுமக்கப்படுகிறது. இந்த வேறுபாட்டை மறந்து, முதல் வகைக்குரிய வாக்குறுதியை இரண்டாம் வகைக்கும் அப்படியே பொருத்துவதால்தான் பலர் ஏமாற்றம் அடைகின்றனர்.

வேதாகமம் காட்டும் வழி

சுமை தாங்காமல் முறையிட்டவர்களை வேதாகமம் ஒருபோதும் மறைக்கவில்லை. எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில், மக்கள் அனைவரையும் தனி ஒருவனாகத் தாங்க இயலவில்லை என்றும், இப்படியே நடத்துவதாயின் தன்னைக் கொன்றுவிடுவதே நலம் என்றும் மோசே இறைவனிடம் கதறுகிறார். அதற்குக் கிடைத்த விடை கண்டனம் அன்று. பாரத்தில் பங்கெடுக்க எழுபது மூப்பர்கள் நியமிக்கப்பட்டனர். முதல் இராஜாக்கள் நூலில் சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தவை உறக்கமும் அப்பமும் தண்ணீருமே. இறைவனின் மெல்லிய குரல் அதன் பின்னரே கேட்டது. தம் உடலில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிய பவுலுக்கு முள் நீக்கப்படவில்லை. அதைத் தாங்குவதற்குப் போதுமான கிருபையே வாக்களிக்கப்பட்டது.

சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சேர்ந்தவை. புலம்பல் என்பது, துன்பத்தை மழுப்பாமல் இறைவன் முகத்துக்கு நேரே சொல்லி முறையிடும் மன்றாட்டு. அவற்றுள் 88ஆம் சங்கீதம் விடிவு எதையும் காட்டாமல் இருளிலேயே முடிகிறது. அதுவும் திருச்சபையின் வழிபாட்டு நூலில் இடம் பெற்றிருக்கிறது. எனவே அழுவதும் கேள்வி கேட்பதும் விசுவாசக் குறைவு ஆகா. கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவரே முறையிட முடியும்.

டோனாவூரின் அம்மா

இந்தப் போதனை ஒரு மனித வாழ்வில் எவ்வாறு நிறைவேறியது என்பதற்கு நெல்லை மண்ணே சான்று தருகிறது. அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல், 1895இல் இந்தியாவுக்கு வந்து, 55 ஆண்டுகளுக்கு மேல் ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல் இங்கேயே வாழ்ந்து மறைந்தார். தேவதாசியாக ஒப்படைக்கப்பட இருந்த சிறுமி ஒருத்தி 1901 மார்ச்சில் தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதன் தொடர்ச்சியாக, களக்காட்டுக்கு அருகிலுள்ள டோனாவூரில் ஆதரவற்ற பெண்குழந்தைகளுக்கும், 1918 முதல் ஆண்குழந்தைகளுக்கும் இல்லம் உருவாயிற்று. பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் போராடி, 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நிறைவேறும் வரை, இத்தகைய குழந்தைகளுக்குப் பாதுகாப்பான இடம் கிடைப்பது அரிதாகவே இருந்தது.

டோனாவூர் இல்லம் 'விசுவாச ஊழியம்' என்னும் முறையில் நடைபெற்றது. தேவைகளைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்தோ நன்கொடை வேண்டியோ திரட்டாமல், ஜெபத்தில் இறைவனிடம் மட்டும் வைக்கும் ஊழிய முறைக்கு இப்பெயர் வழங்குகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் இதற்கு முன்னோடி. இம்முறையைப் பின்பற்றியதால் ஏமி துன்பங்களிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார் என்று கொள்வது பிழை. இல்லத்தின் தொடக்க ஆண்டுகளில் பச்சிளம் குழந்தைகள் பலர் நோயால் இறந்தனர். வழிகாட்டியாகத் துணை நின்ற தாமஸ் வாக்கர் 1912இலும், குழந்தைகளுக்கு மற்றொரு தாயாக விளங்கிய பொன்னம்மாள் புற்றுநோயால் 1915இலும் மறைந்தனர்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை 1931 அக்டோபர் 24ஆம் நாள் வந்தது. மருத்துவப் பணிக்காகக் களக்காட்டில் ஏற்பாடு செய்யப்பட்டிருந்த வீட்டைப் பார்க்கச் சென்ற ஏமி, அங்கே வெட்டப்பட்டிருந்த குழியில் அந்திவேளையில் தவறி விழுந்து கால் முறிந்தார். பணிக்குத் தம்மைத் தகுதியாக்கும் எதையும் இறைவன் தமக்குச் செய்யட்டும் என்று அன்று காலையில்தான் அவர் வேண்டியிருந்தார். சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர், 1951 ஜனவரி 18ஆம் நாள் இறக்கும் வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகளைத் தம் அறையிலேயே வேதனையோடு கழித்தார். தமக்குப் பின் பொறுப்பேற்பார் என்று நம்பியிருந்த காட்ஃப்ரி வெப்-பெப்லோவும் 1949இல், அவருக்கு முன்னரே இறந்துபோனார்.

அவர் குணமடைய அன்பர்கள் ஜெபித்தனர், அவரும் ஜெபித்தார், குணம் வரவில்லை. அந்த இருபது ஆண்டுகளில் அவர் பத்துக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார் என்பதைக் காட்டிலும், எத்தகைய நூல்களை எழுதினார் என்பதே முக்கியமானது. நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பாக 1933இல் வெளிவந்த நூலில், நோயுற்றோருக்கான ஆறுதல் நூல்கள் பெரும்பாலும் உடல்நலம் உள்ளவர்களால் எழுதப்படுவதால் அவை நோயாளியின் உள்ளத்தைத் தொடுவதில்லை என்று அவர் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, நோயாளி நோயாளிக்கு எழுதும் மடல்களாகவே தம் எழுத்தை அமைத்தார். அவருடைய சுமை நீங்கவில்லை. ஆனால் அது பிறரைத் தாங்கும் வலிமையாக மாறியது. தம் சுமையைத் தாமே சுமக்கிறோம் என்று எண்ணியிருந்தால் அவர் கசந்துபோயிருக்கக்கூடும்; அதில் இறைவனும் உடன் நிற்கிறார் என்று நம்பியதால் பிறர்பக்கம் திரும்ப அவரால் முடிந்தது.

ஒப்படைத்தலின் பொருள்

தமிழகத்தின் பழைய சாலையோரங்களில், வயிற்றுப்பிள்ளையோடு இறந்த பெண்களின் நினைவாக உறவினர் நிறுவிய சுமைதாங்கிக் கற்களை இன்றும் காணலாம். இறக்கிவிட ஆள் துணை இல்லாத வழிப்போக்கர், தலைச்சுமையைத் தலையளவு உயரத்திலுள்ள அக்கல்லின்மேல் நகர்த்தி வைத்து இளைப்பாறி, பின் மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடப்பார். பாரத்தை இறைவனிடம் வைத்தலும் இத்தகையதே. கடனாளி கடனைக் கட்டவே வேண்டும், நோயாளி மருந்து உண்ணவே வேண்டும், தாய் பிள்ளையை வளர்க்கவே வேண்டும். இறக்கி வைக்கப்படுவது கடமை அன்று, விளைவு முழுவதும் தன் கையில்தான் இருக்கிறது என்ற தாங்கொணாத எண்ணம். அந்தக் கற்கள் தாமாக முளைத்தவை அல்ல. தம் துயரத்திலும் பிறர் களைப்பை எண்ணியவர்களால் நாட்டப்பட்டவை.

ஆகவே திருச்சபைக்கு இதில் தெளிவான பொறுப்பு உண்டு. மோசேக்கு எழுபது மூப்பர்கள் தரப்பட்டதைப் போல, இறைவன் பாரத்தைத் தாங்கும் வழிகளுள் முதன்மையானது சக மனிதர்களின் தோள். ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்வதை விடுத்து, நோயாளியின் வீட்டில் ஓர் இரவு விழித்திருப்பதும், கடனில் உள்ளவருடன் வங்கிக்குச் சென்று வருவதும், மனச்சோர்வில் வாடுபவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் சபையாரின் கடமையாகும். எலியாவுக்கு உறக்கமும் உணவும் தேவைப்பட்டதைப் போலவே, மனநோய்க்குச் சிகிச்சை தேவை. சிகிச்சை பெறுவது அவிசுவாசம் அன்று.

பாரம் இன்னும் நீங்கவில்லையே என்று கலங்கும் விசுவாசி, தம் விசுவாசத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சுமை எஞ்சியிருப்பது இறைவன் கைவிட்டதற்கு அடையாளம் அன்று என்பதை மோசேயும் பவுலும் டோனாவூரின் அம்மாவும் தங்கள் வாழ்வால் உறுதிப்படுத்தியுள்ளனர். அழுகையோடும் கேள்விகளோடும் அவரிடம் வாருங்கள். அருகில் இருப்பவரிடமும் மனம் திறந்து சொல்லுங்கள். தனியாக மட்டும் சுமக்காதீர்கள்.