மகாராணியின் வெண்கலக் காசு

பழைய நாணயம் சேர்ப்பது என்றாலே, தங்கமும் வெள்ளியும் வாங்கக் கூடிய தனவந்தர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறோம். அப்படியல்ல. ரோமாபுரியின் வெண்கலக் காசுகளை நடுத்தரக் குடும்பத்தினரும் ஆசையோடு சேர்க்கிறார்கள். அந்தக் காலத்தில் லட்சக் கணக்கில் அச்சடிக்கப்பட்டவை ஆதலால், இன்றும் அவை ஏராளமாகக் கிடைக்கின்றன.

அவற்றில் ஒன்றைப் பாருங்கள். கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. எடை சுமார் 3 கிராம். ஒரு புறம், கூந்தலை அலையலையாக வாரிக் கொண்டை போட்ட ஒரு பெண்மணியின் முகம். மறு புறம் ஒரு தாய் இரண்டு குழந்தைகளை அணைத்துக்கொண்டு நிற்கிறாள். சுற்றிலும் 'நாட்டின் நம்பிக்கை' என்று லத்தீன் மொழியில் எழுதியிருக்கிறது.

இவள்தான் பௌஸ்டா; கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் மனைவி. 324-ம் ஆண்டில் அவளுக்கும் மாமியார் ஹெலனாவுக்கும் 'அகஸ்டா' என்ற உயர்ந்த பட்டம் கிடைத்தது. இருவர் முகமும் காசில் ஏறின. மூத்தாள் மகன் கிரிஸ்பஸின் முகமும் காசில் இருந்தது. அதே ஆண்டு கடற்போரில் தந்தைக்கு வெற்றி தேடித் தந்த வீரன் அவன்.

இரண்டே வருஷம்! 326-ல், பெற்ற தகப்பனின் கட்டளையாலேயே கிரிஸ்பஸ் கொல்லப்பட்டான். அதே ஆண்டில் பௌஸ்டாவும் மாண்டாள். வெந்நீர்க் குளியலறையில் அடைத்துக் கொன்றார்கள் என்று பழைய ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். சிற்றன்னை சுமத்திய பழியால் மகன் மாண்டான், பேரனைப் பறிகொடுத்த ஹெலனா பொங்கி எழுந்தாள் என்றெல்லாம் கதைகள் உண்டு.

பிறகு இருவர் பெயரையும் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி எடுத்தார்கள். இத்தாலியில் சொரெண்டோ என்ற ஊரில் உள்ள கல்வெட்டில், மருமகள் பெயர் இருந்த இடத்தில் மாமியார் பெயரைப் பொறித்துவிட்டார்கள்!

கல்லைச் செதுக்கலாம், காசை என்ன செய்வது? அது சந்தைக்காரியின் சுருக்குப் பையிலும் சிப்பாயின் முடிச்சிலும் போய்ச் சேர்ந்து விட்டதே! யார் யாரோ பானையில் போட்டுப் புதைத்து வைத்த காசுகளில், 1,700 ஆண்டுகளாகப் பௌஸ்டா பத்திரமாக இருக்கிறாள்.

காசு சேர்க்க விரும்புகிறவர்கள், உருவத்தின் காலடியில் உள்ள சிறிய எழுத்துக்களைக் கவனிக்க வேண்டும். எந்த ஊர் நாணயசாலையில், எந்தப் பட்டறையில் அடித்தது என்பதை அவை சொல்லும். எங்கே கிடைத்தது என்று சொல்லக் கூடிய வியாபாரியிடம் வாங்குவதே நல்லது.

வாங்கிய பிறகு ஓர் எச்சரிக்கை. வெண்கலப் பானை துலக்குகிற வழக்கத்தில் புளி போட்டுத் தேய்த்து விடாதீர்கள்! பச்சையும் பழுப்புமாகக் கெட்டியாய்ப் படிந்திருக்கிறதே, அந்தப் படிவம்தான் முகத்தையும் எழுத்தையும் காத்து வருகிறது. வாலைவடி நீரில் ஊற வைத்து, மிருதுவான தூரிகையால் மண்ணை மட்டும் நீக்கினால் போதும்.

தேய்த்தால் பளபளப்பு வரும், பௌஸ்டா போய்விடுவாள். சக்கரவர்த்தியின் உளியால் ஆகாத காரியத்தை நம் வீட்டுப் புளி செய்து முடித்துவிடும்!